அளவாய் ஒரு வயிறு

எடையைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை சென்னையில் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகான சாப்பாட்டை அந்தமானில் ஆயுள் முழுக்கச் சமாளிக்க வேண்டும்.

ஒரு இட்லியில் இருக்கும் புரதம் சுமார் 2 கிராம். எடை குறைப்பதற்காக இரைப்பையைச் சுருக்கிக்கொண்ட ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் புரதம் குறைந்தது 60 கிராம். கணக்குப்படி பார்த்தால் 30 இட்லி. ஆனால் அவருடைய புதிய வயிற்றில் ஒரு வேளைக்கு இரண்டு இட்லி இறங்கினாலே பெரிய விஷயம். தமிழர் சமையலறைக்கும் இந்தச் சிகிச்சைக்கும் இடையிலான தகராறு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

அந்தத் தகராறு சென்னையில் இருப்பவருக்குச் சற்று எளிது. மருத்துவர் ஆட்டோ தூரத்தில் இருப்பார். உணவு ஆலோசகரைத் தொலைபேசியில் கூப்பிட்டால் மறுநாள் வரச் சொல்வார். லம்பா லைனில் இருப்பவர் நிலைமை வேறு. போர்ட் பிளேர் நகரின் விமான நிலையத்தை ஒட்டிய குடியிருப்புப் பகுதி அது. 2024 செப்டம்பரில் நகரின் பெயர் ஸ்ரீ விஜய புரம் என்று மாறிவிட்டாலும் பழைய பெயர் வாயிலிருந்து இறங்க மறுக்கிறது. லம்பா லைன் என்றால் இந்தியில் நீண்ட வரிசை என்று பொருள். வங்காளிகள், தெலுங்கர்கள், இந்தி பேசுகிறவர்கள் ஆகியோருடன் தமிழர்களும் கலந்து வாழும் ஊர். சென்னையிலிருந்து சுமார் 1,350 கிலோமீட்டர். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள். நகரில் கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை இருக்கிறது. 2015 முதல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இருந்தும் பெரிய சிகிச்சை என்றதும் தீவுவாசிகள் பலர் பெட்டியைக் கட்டிக்கொண்டு 'மெயின்லேண்ட்' கிளம்புகிறார்கள். தமிழர்களுக்கு அது பெரும்பாலும் சென்னைதான்.

போகிறவர்கள் இனி அதிகமானால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். அந்தமானிலும் பத்து ஆண்களில் நான்கு பேருக்கு மேல் அதே கதி. இவர்களில் மிகச் சிலருக்கே அறுவைச் சிகிச்சை தேவைப்படும். ஆனால் எண்ணிக்கை பெரிதாக இருக்கும்போது அந்தச் சிலரும் கணிசமானவர்களே.

சிகிச்சை ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்ற அறுவை நிபுணர் 1966ல் இரைப்பை பைபாஸ் முறையைத் தொடங்கிவைத்தார். இரைப்பையின் மேல் பகுதியில் சுமார் 30 மில்லி மட்டும் கொள்ளும் சிறு பையை உண்டாக்கி, அதை நேரே சிறுகுடலின் கீழ்ப் பகுதியோடு இணைப்பது பைபாஸ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பது ஸ்லீவ். ஒரு லிட்டருக்கு மேல் தாங்கிய வயிறு அதன் பிறகு 100, 150 மில்லியோடு நின்றுவிடுகிறது. இந்தியாவில் இதைப் பிரபலமாக்கியதில் அரசியல்வாதிகளுக்குப் பங்கு உண்டு. நிதின் கட்கரி பா.ஜ.க. தலைவராக இருந்தபோது 2011ல் மும்பையில் செய்துகொண்டார். மத்திய நிதியமைச்சராக இருந்த அருண் ஜேட்லி 2014ல் டில்லியில் செய்துகொண்டார். 135 கிலோவாக இருந்தவன் 93 கிலோவாகிவிட்டேன் என்று 2022ல் உஜ்ஜயினி மேடையில் சொன்ன கட்கரி, தொகுதிக்குப் பணம் கேட்ட எம்.பி.யிடம் குறைக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 1,000 கோடி ரூபாய் தருவதாக வேடிக்கையாகப் பேசினார். கூட்டம் சிரித்தது. மேடையில் சொல்லப்படாதது சாப்பாட்டு மேஜை பற்றிய சமாச்சாரம்.

பத்தியம் என்ற பழைய சொல்

இந்தக் கட்டுப்பாட்டைக் குடும்பத்தாருக்கு விளக்க முயலும்போது எல்லோருக்கும் உடனே கிடைக்கும் சொல் 'பத்தியம்'. நல்ல சொல்தான்; ஆனால் இங்கே இரண்டு விதத்தில் வழி தவறச் செய்கிறது.

முதலாவது, பத்தியத்துக்கு முடிவு உண்டு. பிரசவப் பத்தியம் ஆகட்டும், காமாலைப் பத்தியம் ஆகட்டும், குறிப்பிட்ட நாள் கழிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். இந்தச் சிகிச்சைக்குப் பிறகு அப்படியொரு நாள் வருவதில்லை. ஆறு முதல் எட்டு வாரங்களில் திட உணவு வந்துவிடும். அளவும் வரிசையும் மாறாது.

இரண்டாவது, இன்னும் சிக்கலானது. பத்தியம் என்றதும் நம் வீடுகளில் அடுப்பில் ஏறுவது குழைந்த சோறும் ரசமும்தான். மீன், முட்டை, பருப்பு எல்லாம் 'செரிக்காது', 'சூடு', 'வாயு' என்று ஒதுக்கப்படும். மருத்துவர்கள் சொல்வதோ தலைகீழ். வயிற்றில் இருக்கும் கொஞ்ச இடத்தை முதலில் புரதத்துக்குத் தர வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, தயிர், பனீர். பிறகு காய்கறி. மிச்சம் இருந்தால் சோறு. அம்மா அக்கறையோடு ஊட்டும் ரசஞ்சாதம் வயிற்றை நிரப்பிவிடும். ஆனால் உடம்பு தன் சதையையே தின்று எடை குறைத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் மாதத்திலிருந்து சீப்போடு முடி கொத்தாக வருவதற்குத் திடீர் எடையிழப்பு ஒரு காரணம். புரதக் குறைவும் சேர்ந்துகொண்டால் கேட்க வேண்டியதில்லை.

முதல் வாரங்களில் இந்தப் பிரச்சினை தெரியாது, எல்லாமே திரவம். ஆரம்ப நாட்களில் தண்ணீர், வடிகட்டிய சூப், உப்பிட்ட நீர்மோர். பிறகு பால், பருப்புத் தண்ணீர், புரதப் பொடி கரைத்த பானம். மூன்றாவது வாரம் வாக்கில் மிக்ஸியில் அரைத்த பருப்பும் மசித்த முட்டையும். அதன் பிறகு மசித்த மீன், மெத்தென்ற காய்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு சற்று மாறும், வரிசை மாறாது.

குடிப்பதில்தான் முதல் பாடம். மருந்து அளக்கும் சின்ன மூடியில் 30 மில்லி எடுத்து, மடக்கு மடக்காகக்கூட அல்ல, சொட்டு சொட்டாக உறிஞ்ச வேண்டும். ஒரு நாளில் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும் என்றால் விழித்திருக்கும் நேரம் முழுக்க இதுவே வேலை. சொம்பை அண்ணாந்து பிடித்துக் கடகடவென்று ஊற்றிக்கொள்ளும் தமிழ்ப் பழக்கம் இங்கே எதிரி. தண்ணீரோடு காற்றையும் விழுங்கினால் சிறிய பையில் அது தரும் வலி லேசானதல்ல. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் போர்ட் பிளேரில் காற்றில் எப்போதும் ஈரப்பதம் இருக்கும். சும்மா உட்கார்ந்திருந்தாலே வியர்க்கும். அறுவைக்குப் பிறகு மீண்டும் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் பலரைக் கொண்டுவருவது நீரிழப்பு என்பதை நினைத்தால் லம்பா லைன் வீட்டில் அந்தச் சின்ன மூடிக்கு மரியாதை கொடுக்கத் தோன்றும்.

இளநீருக்குத் தீவில் பஞ்சமில்லை. அளவாகக் குடிக்கலாம், ஆனால் அதிலும் சர்க்கரை உண்டு. தண்ணீருக்குப் பதிலாக நாள் முழுக்க இளநீர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும்.

திட உணவு தொடங்கியதும் அடுத்த விதி வருகிறது: சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் பொறுத்துத்தான் குடிக்கலாம். திரவம் கலந்தால் சிறிய வயிறு ஒன்று பொங்கிக் கக்கிவிடும், அல்லது உணவைச் சீக்கிரமாக வெளியே தள்ளிவிட்டு மறுபடி பசிக்கும். கேட்பதற்குச் சாதாரணமாகத் தெரியும். தமிழ்ச் சாப்பாடோ குழம்பில் ஆரம்பித்து, ரசத்துக்குத் தாவி, மோரில் கரை சேர்வது. அதில் பாதிக்கு மேல் திரவம். இந்த விதியை முறையாகக் கடைப்பிடித்தால் இலையில் இருந்து ரசம் விலகி, மாலை நாலு மணி டம்ளருக்குப் போய்விடும். பல குடும்பங்களில் பெரிய மனவருத்தம் உண்டாக்குவது இனிப்பு நின்றதல்ல, இந்த ரசம் நின்றதுதான் என்றால் நம்பலாம்.

மெல்லுவதும் புதிதாகக் கற்க வேண்டிய காரியம். ஒவ்வொரு கவளத்தையும் இருபது, முப்பது முறை மென்று கூழாக்க வேண்டும். உருட்டி விழுங்கும் சோற்று உருண்டைக்கு இடமில்லை. நன்றாக வேகாத சாதம், ஒட்டிக்கொள்ளும் தோசை, நாரான ஆட்டுக்கறி ஆகியவை நெஞ்சில் நின்றுவிடும். எச்சில் ஊறி, வாந்தி எடுத்தால்தான் ஆறுதல். மீன் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. காய்கறியில் பெரும்பங்குக்குக் கப்பலை எதிர்பார்க்கும் தீவில், கடல் கொந்தளிக்கும் மாதங்களில் விலை ஏறும். மீனோ வாசலுக்கே வரும். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம்; முள் எடுத்து, எண்ணெய் குறைத்து, குழம்பில் வெந்ததோ ஆவியில் வெந்ததோ இரண்டு வேளை சாப்பிட்டால் நாளின் கணக்கில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஒரு முட்டைக்கு 6 கிராம், ஒரு டம்ளர் பாலுக்கு அதே அளவு. சைவம் சாப்பிடுகிறவர்கள்தான் பருப்பு, பனீர், சோயா, புரதப் பொடி என்று பாடுபட வேண்டியிருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மயிலாப்பூரைவிட லம்பா லைன் அதிர்ஷ்டம் செய்தது.

பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குக் கூடுதலாக ஒரு தண்டனை. ஒரு கப் பாயசம் உள்ளே போன பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைந்துகொண்டு பேதி. சர்க்கரை நேரே குடலில் போய் விழுவதால் வருவது. சிலருக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை தாழ்ந்து தலை சுற்றும். மருத்துவர்கள் இதை 'டம்பிங்' என்கிறார்கள். ஒருமுறை அனுபவப்பட்டவர்கள் பாயசத்தைப் பார்த்தாலே நகர்ந்துவிடுவதால், இதைத் தண்டனை என்பதா காவல் என்பதா என்று மருத்துவர்களிடையே பேச்சு உண்டு.

தொலைவின் விலை

இனி வருவதுதான் தீவில் இருப்பவர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது. 1880களின் பிற்பகுதியிலும் 1890களிலும் அன்றைய டச்சு ஜாவாவில் கிறிஸ்தியான் ஐக்மன் என்ற மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதையும், தவிடு நீக்காத அரிசி தந்ததும் அவை எழுந்து நடப்பதையும் கவனித்தார். பெரிபெரி நோயின் மர்மம் அங்கே அவிழத் தொடங்கியது. 1929ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தவிட்டில் இருந்த பொருள் தயமின் என்ற வைட்டமின் பி1. உடம்பு அதை இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேமித்து வைப்பதில்லை.

எடைக் குறைப்பு அறுவை செய்துகொண்டவர் தொடர்ந்து வாந்தி எடுத்தால் அதே நோய் வேறு உருவத்தில் வரலாம். பார்வை இரண்டாகத் தெரியும்; நடை தள்ளாடும்; பேச்சில் குழப்பம் இருக்கும். இதைக் களைப்பு என்று நினைத்து, அருகில் உள்ள இடத்தில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது சாதாரணமாக எல்லோரும் செய்கிற காரியம். ஆபத்து அங்கேதான். தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிச்சம் இருப்பதும் செலவாகி மூளைக்கு நிரந்தரச் சேதம் ஏற்படலாம். தயமின் ஊசி முதலில், அல்லது குறைந்தபட்சம் கூடவே. எனவே அறுவை நடந்ததையும், என்ன வகை என்பதையும், எத்தனை நாளாக வாந்தி என்பதையும் பணியில் இருக்கும் மருத்துவரிடம் நோயாளியோ கூட வந்தவரோ வாய் திறந்து சொல்ல வேண்டும். வயிற்றில் நான்கைந்து சின்னத் தழும்புகள் மட்டுமே இருப்பதால் பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தெரியாது. வெட்கப்பட்டு மறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் தாளை ஆதார் அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு ஆபத்து தையல் கசிவு. பெரும்பாலும் முதல் சில வாரங்களில் தலைகாட்டும். காய்ச்சல், வயிற்று வலி, மூச்சு வாங்குதல், நிமிடத்துக்கு 120க்கு மேல் போகும் நாடித் துடிப்பு. இவற்றில் எதையும் 'வாயு' என்று சுக்குக் கஷாயத்தில் தீர்க்கப் பார்க்கக் கூடாது. அறுவை முடிந்து நாலாம் நாளே விமானம் ஏறத் துடிப்பவர்கள், சென்னையில் உறவினர் வீட்டில் இன்னும் சில நாள் பாரமாக இருப்பதே புத்திசாலித்தனம். எவ்வளவு நாள் என்பதை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

இந்தச் சிகிச்சை முடிவெட்டிக்கொள்வது போல என்ற எண்ணம் 2024 ஏப்ரலில் தமிழ்நாட்டில் பலமாக அடிவாங்கியது. சென்னையை அடுத்த ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவைக்குச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தார். சுகாதாரத் துறை விசாரித்து அந்த மருத்துவமனையின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. அனுபவமுள்ள இடங்களில் மரணம் அபூர்வம் என்பதும் உண்மை. ஸ்வீடனில் 1987ல் தொடங்கிச் சுமார் 4,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அறுவை செய்துகொண்ட பருமனானவர்கள் செய்துகொள்ளாதவர்களைவிட அதிக நாள் உயிரோடு இருப்பதைக் காட்டியது. கேள்வி யாருக்கு, எங்கே என்பதுதான். பி.எம்.ஐ. என்ற உடல் எடைக் குறியீடு 40ஐத் தொட்டிருந்தாலோ, 35ஐத் தொட்டு இதய நோய், கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற கடுமையான தொந்தரவுகள் இருந்தாலோ காப்பீட்டு நிறுவனங்கள் இதை விலக்கி வைக்க முடியாது என்பது ஒழுங்குமுறை ஆணையம் 2019ல் வகுத்த நிபந்தனை. ஆசியர்களுக்கு இன்னும் குறைந்த எடையிலேயே சர்க்கரை வருவதால் மருத்துவச் சங்கங்கள் அளவுகோலைத் தாழ்த்தியிருக்கின்றன. காப்பீடு இன்னும் தாழ்த்தவில்லை.

'ஒரே ஒரு வாய்'

நோயாளியைவிடச் சுற்றியிருப்பவர்களுக்குத்தான் அதிகப் பொறுமை தேவைப்படும். பார்த்ததும் 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்கும் சமூகம் இது. பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயில் கூட்டத்தில் கலந்துகொள்பவரிடம் அன்னதான இலையில் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம் என்று சொல்ல வைப்பது லேசல்ல. 'என்னடி, கோழி கொத்தற மாதிரி கொறிக்கிறே? என் கையால ஒரே ஒரு வாய்' என்று அத்தை வருவார். அந்த ஒரு வாய்தான் பல நேரம் கக்க வைக்கும். மறுத்தால் கோபம், வாங்கிக்கொண்டால் வாந்தி. கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில் உட்காருவது, முன்பே வீட்டில் ஒரு முட்டை சாப்பிட்டுவிட்டுப் போவது என்று ஆளாளுக்கு ஒரு தந்திரம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஓட்டலில் நாலு பேருக்கு மூன்று சாப்பாடு சொன்னால் சர்வர் பார்க்கும் பார்வைக்கும் பழக வேண்டும்.

பெண்களுக்குச் சங்கடம் இரட்டிப்பு. வீட்டாருக்குப் பழைய சமையல், தனக்குத் தனிச் சமையல். குழந்தை மிச்சம் வைத்த தட்டை வீணாக்க மனமில்லாமல் வழித்துப் போட்டுக்கொள்ளும் தாய்மார்களின் பழக்கம் சிகிச்சையால் போவதில்லை. மாதவிடாய் வரும் வயதில் இரும்புச் சத்துக் குறைவும் சேரும். கர்ப்பம் தரிப்பதை 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போட வேண்டும் என்ற அறிவுரையை மாமியாரிடம் யார் விளக்குவது என்பது தனிப் பிரச்சினை.

முதல் வருடம் எடை தானாகவே இறங்கும். வெட்டி எடுத்த பகுதியோடு க்ரெலின் என்ற பசி ஹார்மோனின் பெரும்பங்கும் போய்விடுவதால் ஸ்லீவ் செய்துகொண்டவர்கள் பசியையே மறந்துவிட்டதாக உணர்வதுண்டு. ஜப்பானிய விஞ்ஞானிகள் இந்த ஹார்மோனைக் கண்டுபிடித்தது 1999ல்தான். ஆனால் ஆசைக்கு ஹார்மோன் வேண்டியதில்லை. மீன் துண்டு நாலு கவளத்தில் நிறுத்திவிடும். மிக்சரும் முறுக்கும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். நாள் முழுக்கக் கொறித்தால் சின்ன வயிறும் பெரிய வயிற்றின் வேலையைச் செய்யும். ஸ்வீடன் ஆய்விலேயே, பைபாஸ் செய்தவர்கள் ஓரிரு வருடத்தில் உடல் எடையில் 32 சதவீதம் இழந்திருந்தார்கள். பத்தாம் வருடம் அது 25 சதவீதமாகிவிட்டது. மதுவும் கவனிக்க வேண்டிய சங்கதி. பைபாசுக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாக ஏறுகிறது. சிலருக்குச் சாப்பாட்டு மோகம் குடி மோகமாக மாறுகிறது. 2005ல் கொலம்பியாவில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட மாரடோனா 2007ல் மதுவால் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. அவர் கதையில் வேறு போதைகளும் முன்பே இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2025ல் எடை குறைக்கும் வார ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு கத்திக்குப் பயந்தவர்களுக்கு ஒரு மாற்று கிடைத்திருக்கிறது. அதிலும் சாப்பாடு சுருங்கும், புரதக் கணக்கு துரத்தும். நிறுத்தினால் எடை திரும்பும் என்பதால் அதுவும் நீண்ட காலச் செலவுதான்.

கடைசியாக மாத்திரை. பல சத்து மாத்திரை, பி12, வைட்டமின் டி, இரும்பு, கால்சியம். இவை சத்துக் குறைவு வந்தால் அல்ல, வராமல் இருப்பதற்காக ஆயுள் முழுக்க. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றை ஒன்று தடுக்கும். நடுவில் இரண்டு மணி நேரம் வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குவது வீண். பைபாஸ் செய்தவர்கள் மூட்டு வலிக்குக் கண்ட வலி மாத்திரையை வாங்கிப் போட்டால் புண் வரும். முதல் வருடம் சில முறையும் பிறகு வருடத்துக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை.

கால்சியத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடைகளில் மலிவாகக் கிடைப்பது கார்பனேட் வகை. அது கரைய அமிலம் வேண்டும். சுருக்கிய வயிற்றில் அமிலம் குறைவு. தேவைப்படுவது சிட்ரேட் வகை. சென்னையிலிருந்து வரும் உறவினரிடம் முருங்கைக்காய், வடகம், வார இதழ் என்று லம்பா லைனிலிருந்து சொல்லியனுப்பும் பட்டியலில் அதையும், எத்தனை மாதத்துக்கு என்ற கணக்கோடு, எழுதிவிட வேண்டும்.